ஒரே கட்டத்துக்குள் கொல்லிமலையும் மோகனூரும்

நான் கட்டட வரைபடம் போடுபவன். நாமக்கல்லில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தாங்கள் குடியிருக்கக் கட்டுகிறவர்கள். மீதிப் பேர் கோழிக்குக் கட்டுகிறவர்கள். வீடு கட்ட வருகிறவர் பூஜை அறையை எந்த மூலையில் வைப்பது என்று மூன்று முறை மனம் மாறுவார். கோழிக்கொட்டகை கட்ட வருகிறவருக்கு அந்தக் குழப்பமே கிடையாது. நீளம், அகலம், தூணின் உயரம், இரண்டு கொட்டகைக்கு நடுவில் விட வேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்.

அந்த அளவு அவருடையதாக இருக்காது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தத்தில் யாருடைய பண்ணை நன்றாக நடக்கிறதோ அங்கே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், அவருடைய கொட்டகையை டேப் பிடித்து அளந்து வருவார்கள். அளக்க விடமாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. உரிமையாளரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதை ‘ராசி அளவு’ என்பார்கள். ராசி அளவில் ஓர் அங்குலம்கூட மாற்றக் கூடாது. நானும் மாற்றியதில்லை. தாங்குமா, மழைநீர் வடியுமா என்று மட்டும் பார்த்து வரைந்து கொடுத்துவிடுவேன்.

என் மனைவியின் அண்ணனுக்கு மோகனூர்ச் சாலையில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. ஒரு பழைய கொட்டகை, அதன் வடக்கே கரும்பு, கிழக்கே கிணறு. பண்ணைக்கு உரிமையாளர் மச்சான் என்றாலும், விடியற்காலையில் தீவனம் போடுவதிலிருந்து மாலையில் முட்டை அட்டைகளை எண்ணி ஏற்றி அனுப்புவதுவரை எல்லாவற்றையும் பார்ப்பது அவர் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட மூத்தவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மதியத்தில் அந்தப் பண்ணையில் மின்சாரம் போயிற்று. கூரைமேல் தண்ணீர் தெளிக்கும் குழாயும், உள்ளே புகைபோல் தெளிக்கும் குழாயும் நின்றுவிட்டன. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் நடு வரிசைக் கூண்டுகளில் கோழிகள் சாகத் தொடங்கிவிட்டன. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்று அசையாமல் நின்றுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மச்சான் அன்று ஊரில் இல்லை. அக்காவும் வேலைக்கு வரும் இரண்டு பெண்களும்தான் செத்தவற்றைக் கூண்டிலிருந்து உருவி உருவி வெளியே போட்டார்கள். நான் மாலையில் போனபோது அக்கா கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவி முடிந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மச்சான் இரண்டாவது கொட்டகை கட்ட முடிவு செய்தபோது, கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் பங்காளியின் கொட்டகையை அளந்து வந்தார். மச்சானுக்குப் பெரியப்பா மகன். அந்தப் பண்ணையில் எந்தக் கோடையிலும் கோழி கும்பலாகச் செத்ததில்லை. எனவே அதுதான் ராசி அளவு. தாளை என் மேசைமேல் வைத்து, “மாப்ள, இதே மாதிரி வரைஞ்சுரு. கூடக் கொறைய வேண்டாம்” என்றார். நான் வரைந்தும் முடித்துவிட்டேன். அஸ்திவாரம் தோண்டக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பண்ணையாளர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. வருங்காலத்தில் இந்த மாவட்டத்தின் வெயில் எப்படி இருக்கும் என்று ஓர் ஆய்வாளர் பேசப்போவதாகச் சொன்னார்கள். மச்சான் மதியச் சாப்பாட்டுக்காக வந்தார். நான் மச்சானுக்காகப் போனேன்.

ஆய்வாளர் ஒரு பெண், முப்பது வயதைத் தாண்டியிருப்பார். திரையில் தென்னிந்தியாவின் படம் வந்தது. அதன்மேல் பெரிய பெரிய சதுரக் கட்டங்கள். உலகம் முழுவதன் தட்பவெப்பத்தையும் கணக்கிடும் கணினி மாதிரிகள் பூமியை இப்படித்தான் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கின்றன, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே வெப்பம், ஒரே மழை, ஒரே உயரம் என்றார். ஒரு கட்டத்தின் பக்கம் நூறு கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

“ஏனுங்க மேடம், அதுல மோகனூரு எங்கீங்க இருக்குது?”

“இந்தக் கட்டத்துலங்க ஐயா.”

“கொல்லிமலை?”

“அதுவும் இதே கட்டம்தான்.”

“ஏற்காடு?”

“அதுவும்.”

“அப்ப மலைமேல கம்பளி போத்திக்கிட்டிருக்கறவனும் நானும் ஒரே வெயிலுலதான் இருக்கறமுங்களா? இது தெரியாம வருசா வருசம் பஸ்ஸுக்குச் செலவு பண்ணி ஏற்காடு போய்ட்டு வாரேனுங்களே.”

மண்டபமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். “அடுத்த படத்துல நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிட்டீங்க” என்றார்.

அவர் சொன்னதை அன்று மாலையே நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். பெரிய கட்டத்துக்குள் மலையின் உயரத்தையும் சமவெளியின் உயரத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால், நடுவாந்தரமாக ஓர் உயரம் வருகிறது. அந்த உயரத்தில் நம் ஊர் எதுவும் இல்லை. மலைச்சரிவில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவு வேண்டுமானால் இருக்கலாம். அங்கே யாரும் கோழி வளர்க்கவில்லை. கரும்பும் நடவில்லை. ஆனால் அந்தக் கட்டத்தின் வெயிலாகக் கணினி சொல்வது, யாரும் வாழாத அந்த உயரத்தின் வெயிலை. மலைக்காரருக்கு அது அதிகம். நமக்கு அது குறைவு.

அடுத்த படத்தில் கட்டங்கள் சிறிதாகின. ஒரு கட்டத்தின் இடத்தில் டஜன் கணக்கில் சின்னக் கட்டங்கள். மேற்கே சங்ககிரிப் பக்கம் ஒரு நிறம், காவிரிக் கரையோரம் இன்னொரு நிறம், கொல்லிமலை தனியாக எழுந்து நின்றது. உலக மாதிரி எல்லையில் கொண்டுவந்து கொடுக்கும் காற்றையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் மலை, பள்ளம், ஆறு எல்லாவற்றையும் வைத்து மறுபடி கணக்குப் போடுவது வட்டார மாதிரி என்றார்.

என் தொழிலை வைத்து அதைப் புரிந்துகொண்டேன். ஊர் முழுவதும் அடங்கும் வரைபடத்தில் ஒரு வீட்டின் கதவு எங்கே என்று கேட்க முடியாது. அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினால் கோடுகள் தடிமனாகும், கதவு வராது. கதவு வேண்டுமென்றால் அந்த வீட்டுக்குப் போய்த் தனியாக அளந்து வரைய வேண்டும். வட்டார மாதிரி அப்படித் தனியாக வரைந்த படம். ஆனால் ஊர் வரைபடத்தில் தெருவே தப்பாக இருந்தால், வீட்டை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் அது தப்பான தெருவில்தான் நிற்கும். இதையும் அவர் மறைக்கவில்லை. அதனால்தான் ஒரு மாதிரியை நம்பாமல் பல மாதிரிகளை ஓட்டிப் பார்க்கிறோம் என்றார். மழை விஷயத்தில் அவை ஒன்றுக்கொன்று சண்டை போடுகின்றன, வெப்பம் ஏறும் என்பதில் எல்லாம் ஒரே பக்கம் நிற்கின்றன.

நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். “வானிலைச் செய்தி நாளைக்கு எப்படின்னு சொல்லுதுங்க. நான் வரையற கொட்டகை இருபது இருபத்தஞ்சு வருசம் நிக்கும். அதுக்கு எந்த வெயில வச்சு வரையறது?”

அவர் என் பக்கம் திரும்பினார். “இன்னைக்கு அடிக்கிற வெயில வச்சு வரையாதீங்க. அந்தக் கொட்டகைக்கு நடுவயசு ஆகும்போது அடிக்கிற வெயில வச்சு வரைங்க. எந்த வருசம், எந்த நாள்னு என்னால சொல்ல முடியாது. எதுக்குத் தயாரா இருக்கணும்னு சொல்ல முடியும்.”

சாப்பாட்டு நேரத்தில் அவருடைய மடிக்கணினியில் இரண்டு சின்னக் கட்டங்களை மட்டும் காட்டச் சொன்னேன். ஒன்று காரவள்ளி. இன்னொன்று மோகனூர்ச் சாலை. பகல் வெயில் இரண்டிலும் ஏறியது. “ராத்திரியைப் பாருங்க” என்றார். இன்றைக்கே அடிவாரம் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. நம் கட்டம் அப்படிக் குளிர்வதில்லை. வரும் ஆண்டுகளில் இரண்டு இடத்திலும் இரவு சூடாகும் என்றாலும், சிரமம் முதலில் நமக்குத்தான். கோழி பகலில் தின்னாததைக் குளிர்ந்த நேரத்தில் தின்று ஈடுகட்டும். குளிர்ந்த நேரமே இல்லாவிட்டால் எதைக் கொண்டு ஈடுகட்டும்?

கொட்டகைகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் விடலாம் என்றும் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். “உங்க ரெண்டு கொட்டகைக்கு நடுவுல இருக்கிற சந்து என் கட்டத்துக்குத் தெரியாதுங்க சார். அது உங்க வேலை.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. தன் வேலை எங்கே முடிகிறது என்று சொல்லத் தெரிந்தவரை நம்பலாம்.

அடுத்த நாள் மாலை காரவள்ளிக்குப் போனேன். பங்காளி கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார வைத்தார். அவருடைய கொட்டகைகள் நெருங்கித்தான் நின்றன. தூண்களும் உயரமில்லை. ஆனால் பொழுது சாயச் சாயக் கிழக்கே மலையிலிருந்து காற்று இறங்கி, அந்தச் சந்துகளின் வழியாக நீளவாக்கில் ஓடியது. தகரத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஆறிவிட்டிருந்தது. “இது தெனமும் வருமுங்களா?” என்று கேட்டேன். “கோடையில ஒருநாளும் தவறாதுங்க. இதுக்காகத்தான் சாயங்காலம் நான் ஊட்டுக்குள்ளயே போறதில்ல” என்றார்.

அதற்கு அடுத்த நாள் அதே நேரத்தில் மச்சானின் பழைய கொட்டகையில் நின்றேன். தகரத்தில் கை வைக்க முடியவில்லை. மோகனூர்ப் பக்கம் காற்று வருவதாக இருந்தால் தென்மேற்கிலிருந்து வர வேண்டும். வந்தாலும் முதலில் பழைய கொட்டகையில்தான் மோதும். நான் வரைந்து வைத்திருந்த புதிய கொட்டகை அதற்கு வடக்கே, காரவள்ளிச் சந்தின் அகலம் மட்டும் விட்டு, அந்தக் காற்றுக்கு மறைவில் நின்றது. அளவில் ஒரு பிழையும் இல்லை. அது வேறோர் இடத்துக்கான அளவு. பெரிய கட்டம் போட்ட கணினி செய்ததையேதான் வாழைப்பழச் சீப்போடு போய் நாங்களும் செய்திருக்கிறோம். அடிவாரத்தையும் சமவெளியையும் ஒரே இடமாக நினைத்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். தூணை உயர்த்த வேண்டும், கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேற வழி விட வேண்டும், இடைவெளியை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்க வேண்டும். இடைவெளியைக் கூட்டினால் கொட்டகை கரும்புக் காட்டுக்குள் போகும். அந்தப் பக்கம் நிலம் கோணலாக இருப்பதால் நீளமும் குறையும்.

மச்சான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“ஏன் மாப்ள, அரை நாள் மண்டபத்துல ஏசில உக்காந்துட்டு வந்து என்ற கரும்புக் காட்டுல கை வெக்கிறயே.”

“ஏசி இல்லீங்க மச்சான், பேனுதான். அதுவும் நீங்க உக்காந்த பக்கம் ஓடல.”

“பங்காளிக்கு இத்தன வருசமா ஆகி வந்த அளவு. அவன் என்ன கம்ப்யூட்டரு பாத்தா கட்டுனான்?”

“அவருக்கு ஆகி வந்தது அளவு இல்லீங்க. மலை. அதை நாம டேப்புல புடிச்சுட்டு வர முடியல.”

“ரெண்டு கொட்டகைக்கு நடுவுல ஏக்கரா கணக்குல காத்து வாங்கிப் போட்டிருக்கறான்னு ஊருல சிரிப்பானுங்க. அந்தப் புள்ள சொன்ன மாதிரி சூடு ஏறலைன்னா? கோழியும் கொறைஞ்சு, கரும்பும் போயி, நான் யாரப் போய்க் கேக்கறது?”

அது நியாயமான கேள்வி. ஏறலாம், எவ்வளவு என்பதில் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் ஏறாமல் இருக்கும் என்று ஒரு மாதிரியும் சொல்லவில்லை என்றேன். எனக்கே அது வக்கீல் பேச்சு மாதிரி இருந்தது.

அதுவரை ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கு நீங்க ஊருல இல்ல” என்றார் மச்சானிடம். “வந்து பாக்கறப்ப எல்லாம் கூட்டித் தள்ளியாச்சு. உங்களுக்கு அது எண்ணிக்கை. நான் ஒவ்வொண்ணாக் கையில புடிச்சேன். சிலதுக்கு உசுரு இருந்துச்சு. எதுக்கு இருக்குது, எதுக்கு இல்லீன்னு பாக்கக்கூட நேரமில்ல.”

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“புதுசு கட்டறதுன்னா மே மாசத்து மத்தியானம் நான் உள்ள போயி நிக்கற மாதிரிக் கட்டுங்க. அப்படி முடியாதுன்னா வேண்டாம். இருக்கற ஒண்ணே போதும். இன்னொருக்கா அந்த வேலைய நான் பாக்க மாட்டேன். சொல்லிப்போட்டேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, நீ மோரு ஊத்திக்க” என்றார்.

மச்சான் சாப்பிட்டுக் கை கழுவினார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, “மறுபடி வரைஞ்சுட்டு வா” என்றார்.

வரைந்தேன். கொட்டகையின் நீளம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அளவுக் குச்சிகள் நட்ட அன்று நான் கொத்தனாரிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்குள், தென்கோடிக் குச்சி ஒன்று பழைய கொட்டகைப் பக்கமாக நகர்ந்திருந்தது. ஒரு வரிசைக் கரும்பு தப்பும் அளவுக்கு. மச்சான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“குச்சி நடந்துருச்சுங்களா மச்சான்?”

“மண்ணு எளக்கம் மாப்ள.”

தீவன மூட்டைகள் அடுக்கிய சாளையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “மண்ணு எளக்கமா இருந்தா ஆழமா அடிங்க. பழைய எடத்துல.”

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பாலம் கட்டுகிறவருக்கு, பாரம் ஏற்றிய லாரி போனால் தெரிந்துவிடும், தாங்கியதா இல்லையா என்று. நான் செய்திருப்பது அப்படியல்ல. கணக்கு தப்பாகிப் போனால், குறைந்த கோழியும் போன கரும்பும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கணக்கு சரியாக வந்தால் ஒன்றுமே நடக்காது. ஒரு மே மாத மதியம் சும்மா கடந்து போகும். நடக்காத சாவை யாரும் எண்ண மாட்டார்கள். ஒரு மாவட்டத்துக்கே நுணுக்கமாக எதிர்காலத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறவர்களின் நிலையும் இதுதான் என்று தோன்றியது. ஆனால் அவர்கள் கட்டத்தைச் சின்னதாக்கிக் காட்டாவிட்டால், எந்தக் குச்சியை எங்கே அடிப்பது என்று என் போன்றவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. உலகம் சூடாகிறது என்ற செய்தியை எத்தனையோ ஆண்டுகளாகப் படிக்கிறேன். அதை வைத்து ஒரு தூணின் உயரத்தைக்கூட நான் மாற்றியதில்லை. மாற்ற முடியும் என்று தோன்றியதும் இல்லை. நம் ஊர் தனியாக ஒரு நிறத்தில் தெரிந்த பிறகுதான் அது என் மேசைக்கு வந்த வேலையாயிற்று.

புதிய கொட்டகையில் கோழி இறக்கிய முதல் கோடையில், மே மாதத்து மதியம் ஒன்றில் அங்கே போனேன். அக்கா உள்ளே முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். கோழிகள் வாயைத் திறந்திருந்தன. ஆனால் தலை தொங்கவில்லை. பழைய கொட்டகையைச் சுற்றித் தாண்டி வந்த காற்று பக்கவாட்டுக் கம்பிவலை வழியாக வந்து என் சட்டையைத் தொட்டது. பலமான காற்றில்லை. இருந்தது, அவ்வளவுதான். பழைய கொட்டகையில் குழாய்கள் இரண்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே தீவனம் பாதி அப்படியே கிடந்தது.

“பொழுது எறங்குனா இதுங்க தின்னுருது தம்பி. அதுங்க விடியக்காலந்தான் வாய் வெக்குது” என்றார் அக்கா.

மச்சான் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். அவராகவே சொன்னார். “இந்த வருசம் வெயிலு கம்மி மாப்ள.”

“இருக்கலாமுங்க” என்றேன். உண்மையிலேயே இருக்கலாம். ஒரு கோடையை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த ஆய்வாளரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

“கம்மியா இருந்தா நல்லதுதான. டீ ஆறுது, வாங்க” என்றார் அக்கா.

மறுநாள் காலையில் அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது மச்சான் போனில் கூப்பிட்டார். முட்டை விலையைப் பேசினார். மழை வருமா என்று பேசினார். என் மனைவியின் கால்வலியைக் கேட்டார். போனை வைக்கப்போகிற நேரத்தில், “பழைய கொட்டகைல கோழி இருக்கறப்பவே கூரையத் தூக்க முடியுமா மாப்ள? உன்ற அக்கா கேக்கச் சொன்னா” என்றார்.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. “நான் எப்பங்க கேட்டேன்?”

“வந்து தூணைப் பாத்துட்டுச் சொல்றேனுங்க மச்சான்” என்றேன்.